குடைக்காரர் வருவாரு

அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. இப்ப பத்திரிகையில ஒரு பக்கத்தைத் தள்ளுனீங்கல்லா, அதைக் கொஞ்சம் திருப்புங்க. இது இல்லை, இது மூட்டுவலித் தைலம். இதுக்கு முந்தின பக்கம். ஆங், அதேதான். தலைப்புக்குக் கீழ ஒரு பேரு போட்டிருக்கு பாருங்க, மரகதநேசன்னு. அது நான்தான்.

நம்ப மாட்டேங்கீங்க. பரவாயில்லை. போட்டோ இருந்தா நம்பியிருப்பீங்க. ஒருதடவை போட்டாங்க. என் பேருக்குப் பக்கத்துல வேற யாரோ ஒரு ஆளு, சுருட்டை முடி, ஜிப்பா. எங்க மாமியார் அதைப் பாத்துட்டு, மாப்பிள்ளை இதுலதான் லட்சணமா இருக்காருன்னு வெட்டி வச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் போட்டோ அனுப்புறதே கிடையாது.

நீங்க எங்க இறங்கணும்? தென்காசியா, அப்ப நேரம் கெடக்கு. எனக்கு ஆலங்குளம் தாண்டி மேலக்குறிச்சி விலக்கு, ஊருக்கு ரோடு பிரியுற பஸ் ஸ்டாப்பு. அந்த டேபிள் ஃபேனை என் மடிப்பக்கம் கொஞ்சம் சாச்சுக்கிடுங்க, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இப்ப நல்லா உக்காந்தாச்சு. சொல்லுதேன், கேளுங்க.

எழுத்தாளன்னு சொன்னா சனங்க முதல்ல பாவம்னு ஒரு பார்வை பாக்காங்க. அப்புறம் அதுல என்ன கிடைக்கும்னு கேக்காங்க. யாராவது ஒருத்தராவது, அதுல என்ன சந்தோஷம்னு கேட்டிருக்காங்களா? நீங்க கேட்டீங்களா? சும்மா சொன்னேன், நீங்க கேக்க மாட்டீங்க, உங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனா கேக்கணும். அதுல இருக்கிற சந்தோஷம் வேற எதுலயும் கிடையாது, பாத்துக்கிடுங்க.

ஒரு பேரு கிடைக்கிறதையே எடுத்துக்கிடுங்களேன். நான் கூட்டுறவு சங்கத்துல எழுத்தரா இருந்தேன். ஒரு கதாநாயகிக்குப் பேரு கிடைக்காம அலையா அலைஞ்சேன். பல் தேய்க்கும்போது ஒரு பேரு வரும், காப்பி குடிக்கும்போது அது புளிச்சுப் போயிரும். ஒருநாள் நகைக்கடன் கேட்டு ஒருத்தர் வந்து நிக்காரு. மனைவி பேரு என்னன்னு கேட்டேன். நீலவேணின்னாரு. அப்படியே பேனாவைக் கீழ வச்சுட்டு அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். கடன் இல்லைன்னு சொல்லப் போறேன்னு பயந்து மனுசன் அழுகுற மாதிரி ஆயிட்டாரு. எனக்கு அன்னைக்கு முழுக்கக் கால் தரையில பாவலை.

அந்த நீலவேணி கதைதான் நான் சொல்ல வந்தது.

போன வருசம் இதே பத்திரிகையில எழுதினேன், ‘நீலவேணி எங்கே போவாள்’னு தொடர்கதை. நீங்க வாசிச்சிருக்க மாட்டீங்க. தள்ளியிருப்பீங்க, தெரியுது. சரி. நீலவேணி ஒரு நல்ல பொண்ணு. பெரிய வீட்டுல வாக்கப்படுதா. மாமியார் மகா கொடுமை. புருசன் ரகுராமன் அம்மா முன்னால வாயைத் திறக்க மாட்டான். வாரம் தவறாம அவளுக்கு ஒரு கஷ்டம். கடைசி வாரம் காய்ச்சல்ல படுத்துச் செத்துப் போறா. அது ஆசிரியரும் நானும் ஆரம்பத்துலயே பேசி முடிவு பண்ணினது.

ஏன் சாகணும்னு கேக்கீங்களா? அழ வைக்கிறதுல நான் கெட்டிக்காரன் அண்ணாச்சி, அதை நானே சொல்லக்கூடாது. ஆசிரியரே போன் பண்ணி, மரகதநேசன், இந்த வாரம் ஈரம் கம்மியா இருக்கேம்பாரு. நானும் அழுதுக்கிட்டேதான் எழுதுவேன். என் வீட்டுக்காரி மரகதம் கதவுக்கு வெளிய நின்னு, நான் மூக்கை உறிஞ்சுற சத்தத்தை வச்சே அத்தியாயம் முடியப் போவுது, காப்பிக்குப் பால் வைக்கலாம்னு கண்டுபிடிச்சுருவா. அவ பேரைத்தான் புனைபெயரா வச்சிருக்கேன், ஆனா என் கதையை அவ வாசிக்க மாட்டா. பேருல இருக்கிற நேசத்தை வீட்டுலயும் கொஞ்சம் காட்டுனா நல்லா இருக்கும்னு சொல்லுவா. அது அவ சுபாவம்.

போன வருசம் சாரல் விழ ஆரம்பிச்ச சமயம் மேலக்குறிச்சிக்குப் போனேன். என் தங்கச்சி சண்முகவடிவை அங்க கட்டிக்குடுத்திருக்கு. நீலவேணி கதை முக்கால்வாசி ஓடியாச்சு. மேலக்குறிச்சியில வீட்டுக்கு வீடு பீடி சுத்துறதுதான் தொழில். வடிவு வீட்டுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டகை. மதியச் சோறு ஆனதும் பொம்பளைங்க தட்டைத் தூக்கிக்கிட்டு அங்க கூடிருவாங்க. மடியில தட்டு, தட்டுல வெட்டுன இலை, தூள், நூல்கண்டு. டிவி கிடையாது. ஏன்னு கேட்டேன் வடிவுகிட்ட. டிவி வச்சா கண்ணு அங்க போயிரும், கை நின்னுரும்னா. அதனால ஒருத்தி பத்திரிகையில வர்ற கதையைச் சத்தமா வாசிப்பா, மத்தவங்க காதைக் குடுத்துக்கிட்டுக் கையை ஓட்டுவாங்க. வாசிக்கிறவளுக்கு அன்னைக்குப் பீடி ஓடாதுல்லா, அதுக்கு மத்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் கூடச் சுத்தி அவ பங்குப் பீடியை நிறைச்சுக் குடுத்துருவாங்க. வாசிக்கிறதுக்கு அதுதான் கூலி.

எந்தக் கதை வாசிக்கீங்கன்னு சும்மா கேட்டு வச்சேன். நீலவேணின்னா.

அண்ணாச்சி, அந்த நிமிசத்தை நான் எப்படிச் சொல்லுவேன். வடிவுக்கு அண்ணன் எழுதுவான்னு தெரியும், எந்தப் பேருல எதை எழுதுறான்னு தெரியாது. எங்க பக்கத்துச் சொந்தத்துல யாருக்குமே தெரியாது. நான் ஒண்ணும் காட்டிக்கிடலை. காப்பி டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொட்டகை. பொன்னாடையும் கேடயமும் எத்தனையோ பேரு வாங்கியிருக்காங்க. எழுதினவன் ஜன்னலுக்குப் பின்னால இருக்கான்னு தெரியாம நாலு பேரு அவன் கதையைக் கேக்கிறதை அவங்கள்ல எவன் கேட்டிருக்கான்?

வாசிக்கிறவ பேரு பிரமாச்சி. நாப்பது வயசு இருக்கும். ஒல்லி, உயரம், கணீர்னு தொண்டை. அடக்கம்னா கிலோ என்ன விலைன்னு கேக்கிற ரகம். தூணுல சாஞ்சுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, ராணி மாதிரி உக்காந்து வாசிக்கா.

“நீலவேணி கிணற்றடியில் நின்றாள். வானம் இருண்டு கிடந்தது. அவள் மனமும் அப்படியே கிடந்தது.”

என் வரி. அட்சரம் பிசகலை. அந்த அத்தியாயத்துல அடுத்து மாமியார் வந்து, குடத்தைத் தட்டி விட்டு, நாலு சொல்லு சொல்லணும். நீலவேணி உடைஞ்ச குடத்தைப் பாத்து அழணும். நான் துண்டை எடுத்து ரெடியா வச்சிருக்கேன்.

பிரமாச்சி வாசிக்கா. “அப்போது தெருமுனையில் ஒரு குரல் கேட்டது. குடை ரிப்பேர், பழைய குடை ரிப்பேர்.”

கொட்டகையில ஒரு கலகலப்பு. ஏளா வந்துட்டாருளான்னு ஒருத்தி சொல்லுதா. எனக்கு ஒண்ணும் புரியலை. யாரு வந்துட்டாரு? குடைக்காரர் உள்ள வாராரு, குடத்தைத் தூக்கி ஓரமா வைக்காரு, மாமியாரைப் பாத்துச் சொல்லுதாரு: “அம்மா, விரிச்ச குடை மடங்காட்டா கம்பியை மாத்திரலாம். விரிஞ்ச வாய் மடங்காட்டா என்கிட்ட சாமான் இல்லை.” பொம்பளைங்க சிரிக்காங்க பாருங்க, தகரம் அதிருது. நான் டம்ளரைக் கீழ போட்டுட்டேன்.

முதல்ல என்ன நினைச்சேன்னா, அச்சாபீஸ்ல வேற கதைப் பக்கத்தை இதோட சேத்துத் தைச்சுட்டான்னு நினைச்சேன். என் பையில அந்த வாரப் பத்திரிகை இருந்துச்சு. புரட்டுதேன், புரட்டுதேன், குடையும் இல்லை, கம்பியும் இல்லை. அப்புறம் லேசா ஞாபகம் வந்துச்சு. ஆரம்பத்துல ஒரு அத்தியாயத்துல மழை வரணும். மழைக்கு அடையாளமா, தெருவில் குடை ரிப்பேர்க்காரன் ஒருவன் போனான்னு ஒரு வரி எழுதினேன். போனான். அவ்வளவுதான். போனவனை நான் மறந்துட்டேன். இவ அவனைக் கையைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கா.

வடிவைக் கூப்பிட்டு, இது யாரு இந்தக் குடைக்காரன்னு கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. குடைக்காரர் இல்லாம கதையா, எல்லாரும் அவருக்காகத்தான கேக்காங்கன்னா. வாரா வாரம் வருவாராம். மிக்கேல்னு பேராம். ஒருதடவை ரகுராமனைப் பிடிச்சு, குடை வச்சிருக்கிறவன் கூட வாரவங்களை நனைய விடலாமான்னு கேட்டாராம். அவன் அன்னையிலேருந்து திருந்த ஆரம்பிச்சுட்டானாம். என் ரகுராமன். நான் திருத்தவே இல்லை அண்ணாச்சி, அவன் எப்படித் திருந்தலாம்?

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. என் பெண்டாட்டி பேரு போட்டு நான் எழுதுத கதையில எவளோ ஒருத்தி ஆள் சேக்கா. செருப்பைக்கூட மாட்டாம, என் கதையில ஆள் சேக்க இவ யாருன்னு முணுமுணுத்துக்கிட்டே கொட்டகைக்குப் போயிட்டேன். வடிவு பின்னாலயே ஓடி வந்தவ, எதுக்கு இவன் இவ்வளவு கோவப்படுதான்னு அப்பதான் புரிஞ்சுக்கிட்டு, வாயை அடக்க முடியாம உடைச்சுட்டா. இது எங்க அண்ணன், நீலவேணி கதையை எழுதுறது இவந்தானாம்னுட்டா.

அந்த இடத்துல ஒரு காரியம் நடந்துச்சு. மழையே பெஞ்சாலும் பீடி சுத்துற கை நிக்காது. பேசும்போதும் நிக்காது, சிரிக்கும்போதும் நிக்காது, அன்னைக்குச் சுத்த வேண்டியதை அன்னைக்குச் சுத்தியாகணும். அந்தக் கொட்டகையில அன்னைக்கு அத்தனை கையும் ஒரே நேரத்துல நின்னுச்சு. எல்லா முகமும் என்னைப் பாக்குது. கோவில்ல சாமியைப் பாக்கிற மாதிரின்னு சொன்னா ஜாஸ்தி. தேர்தல்ல ஜெயிச்சவனைப் பாக்கிற மாதிரி வச்சுக்கிடுங்க.

அதுல மூத்தவங்க மைமூன் பீவின்னு ஒரு அம்மா. அவங்கதான் முதல்ல பேசினாங்க. மகளைப் புளியங்குடியில கட்டிக்குடுத்திருக்காங்களாம், அங்க மாமியார் படுத்துற பாடு தாங்கலையாம். வாராவாரம் போன்ல மகளுக்கு நீலவேணி கதையைச் சொல்லுவாங்களாம். நீலவேணிக்கு ஒரு குடைக்காரர் இருக்கிற மாதிரி உனக்கும் ஒரு வழி வரும்மான்னு சொல்லி முடிப்பாங்களாம். அந்தப் பொண்ணும் வாரம் முழுக்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்குதாம். இதையெல்லாம் சொல்லிட்டு அந்த அம்மா என் முகத்தைப் பாத்துக் கேட்டாங்க.

“நீலவேணி பிழைச்சுக்கிடுவால்லா வாப்பா? கடைசியில குடைக்காரர் வருவாருல்லா?”

எனக்கு வாய்க்குள்ள வார்த்தை தயாரா நிக்குது. அப்படி ஒரு ஆளே கிடையாது, இவ உங்களை இத்தனை மாசமா ஏமாத்தியிருக்கா. இதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். சொன்னா என்ன ஆகும்? பிரமாச்சிக்கு இனிமே எவளும் ஒரு பீடி சுத்திக் குடுக்க மாட்டா. தூணுல சாஞ்சு உக்காந்தவ மூலையில உக்காரணும். புளியங்குடிப் பொண்ணுக்கு அடுத்த வாரம் போன்ல சொல்ல ஒண்ணும் இருக்காது. நான் பிரமாச்சியைப் பாத்தேன். கெஞ்சுவா, கண்ணைக் காட்டுவான்னு நினைச்சேன். அவளா? பத்திரிகையை மூடி, வாசிச்ச இடத்துல விரலை வச்சுக்கிட்டு, நேருக்கு நேரா என்னைப் பாக்கா.

“சொல்லுங்கண்ணே. நீங்கதான எழுதுதீங்க” ன்னா.

திமிரைப் பாத்தீங்களா?

நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டேன். குடைக்காரர் வருவாருன்னேன். என் வாயிலேருந்துதான் வந்துச்சு. நீலவேணியும் பிழைச்சுக்கிடுவான்னேன். உடனே அத்தனை கையும் திரும்ப ஓட ஆரம்பிச்சிட்டு. இலையைத் தூக்குற சத்தம், நூலைச் சுண்டுற சத்தம், அப்படியே மழை விட்டுத் திரும்பப் பிடிச்ச மாதிரி. மைமூன் பீவி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, எனக்குத் தெரியும் வாப்பான்னாங்க. இவ்வளவு நாளு எழுதியிருக்கேன், என் ஒரு சொல்லுக்கு நாலு கை நின்னு நாலு கை ஓடி நான் பாத்ததில்லை.

எல்லாரும் போன பிறகு பிரமாச்சியைத் தனியா நிப்பாட்டி ஒரு பிடி பிடிச்சேன். ஏம்மா, அச்சுல இருக்கிறதை அப்படியே வாசிக்க மாட்டியான்னு கேட்டேன். அவ தட்டைத் துடைச்சுக்கிட்டே சாவகாசமாச் சொன்னா.

“அப்படியேதாண்ணே வாசிச்சேன், முதல்ல. எல்லாம் அழுதுட்டாளுவ. கண்ணு கலங்கினா இலை தெரியுமா? பீடி பூரா தொளதொளன்னு போயிட்டு. பீடி எடுக்கிற கடையில அத்தனையையும் கழிச்சு எறிஞ்சுட்டான். மறுவாரமும் அதே கதைதான். நீங்க எழுதுறதை நிறுத்த மாட்டீங்க, அவளுவ அழுகுறதை நிறுத்த மாட்டாளுவ. நான் என்ன செய்ய? கண்ணு காயணும்லா. யாரையாவது உள்ள விடணும். அந்தக் குடைக்காரரு தெருவோட சும்மா போய்க்கிட்டு இருந்தாரு. கூப்பிட்டேன்.”

கவனிச்சீங்களா அண்ணாச்சி? ஒரு ஊரு பீடியே கழிவாப் போயிருக்கு, என் எழுத்தால. எனக்குக் கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை. எந்த விமரிசகன் இப்படி ஒரு பாராட்டு எழுதுவான்? இதை நான் ஆசிரியர்கிட்டயே போன்ல சொன்னேன். அவருக்கு அதோட அருமை தெரியலை, கடைசி அத்தியாயம் எப்ப வரும்னு கேட்டாரு.

அதுதான் சிக்கல். கடைசி அத்தியாயத்துல நீலவேணி சாகணும். மேலக்குறிச்சியில நான் வாக்குக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு, காய்ச்சல்னு முதல் வரி எழுதினேன். ஓடலை. அடிச்சேன். திரும்ப எழுதினேன். மைமூன் பீவி முகம் வந்து முன்னால நிக்குது. ஏன்னு தெரியலை, போகட்டும், ஒரு வரி சும்மா எழுதிப் பாப்போம்னு, தெருவில் ஒரு குரல் கேட்டதுன்னு எழுதினேன். அவ்வளவுதான் அண்ணாச்சி. அந்த ஆளு விறுவிறுன்னு உள்ள வந்துட்டாரு. நான் எழுதலை, அவர் பேசுதாரு, நான் பின்னாலேயே ஓடுதேன். நீலவேணி படுக்கையை விட்டு எந்திரிக்கா. பெட்டியை எடுக்கா. மாமியாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுதா, ஒரே வார்த்தைதான், வாரேன்னு. சொல்லிட்டுப் படியிறங்கிப் போறா. கொட்டுற மழையில பஸ் ஸ்டாப்புல போய் நிக்கா. தலைக்கு மேல ஒரு குடை விரியுது. யாரு பிடிச்சிருக்கான்னு அவ திரும்பிப் பாக்கா. மிக்கேல்தான். பிடிச்சுக்கோம்மா, குடை உனக்குத்தான்னு கையில குடுத்துட்டு அந்த ஆளு மழையோட போயிடுதாரு. பின்னாலேயே நனைஞ்சுக்கிட்டு ரகுராமன் ஓடி வாரான். அவனைக் குடைக்குள்ள விடலாமா வேண்டாமான்னு நீலவேணி யோசிக்கா. அதோட முடிச்சுட்டேன்.

மரகதம் கதவைத் தட்டி உள்ள எட்டிப் பாத்தா. பயந்துட்டா பாவம். ஏன்னா அந்த அறையிலேருந்து அவ மூக்கு உறிஞ்சுற சத்தத்தைத்தான் கேட்டிருக்கா, நான் தனியா உக்காந்து சிரிச்சு அவ கேட்டதே இல்லை. என்னாச்சுங்கன்னு கேட்டா. நீலவேணி வீட்டைவிட்டுப் போயிட்டான்னேன். நல்ல காரியம், அவளாவது போனாளேன்னா. அன்னைக்குத்தான் முதல்முதலா என் கதையைக் கையில வாங்கி, நின்னுக்கிட்டே வாசிச்சு முடிச்சா.

ஆசிரியர் குதிச்சாரு. படம்கூட வரைஞ்சு வாங்கியாச்சாம், சுவத்துல நீலவேணி போட்டோ, அதுக்கு மாலை. வேற வழியில்லாம ஓவியர் அந்த மாலைக்கு மேல ஒரு பெரிய கறுப்புக் குடையை வரைஞ்சு மறைச்சாரு. உத்துப் பாத்தா குடைக்கடியில ரெண்டு பூ தொங்கும். அது வெளிவந்ததும் ஊர் ஊரா போன், யாரு சார் இந்த மிக்கேல், கடைசி வாரம் எங்கேருந்து குதிச்சாருன்னு. கோயம்புத்தூர்ல ஒருத்தர் நாலு வாரப் பத்திரிகையைத் தவறவிட்டுட்டோமோன்னு கடை கடையாத் தேடியிருக்காரு. தமிழ்நாட்டுல ஒருத்தருக்கும் புரியலை. ஒரே ஒரு ஊர்ல எல்லாருக்கும் புரிஞ்சுச்சு.

அது வாசிக்கிற அன்னைக்கு நான் வடிவு வீட்டு அடுப்படியில இருந்தேன். நான் வந்தது பிரமாச்சிக்குத் தெரியாதுன்னுதான் நினைச்சேன். அவ பத்திரிகையை விரிச்சா. ரெண்டு வரி வாசிச்சா, நின்னுட்டா. கண்ணு மட்டும் பக்கத்துல மேலயும் கீழயும் போகுது. குடைக்காரர் அச்சுல இருக்காருல்லா. அவ மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை. அப்புறம் தலையைத் தூக்கி நேரா அடுப்படி ஜன்னலைப் பாத்தா. ஒரு பார்வைதான். நான் குனிஞ்சுக்கிட்டேன். ஏன் குனிஞ்சேன்னு கேக்காதீங்க.

அதுக்கப்புறம் அவ வாசிச்சா பாருங்க. என் வரியை என் வரியாவே வாசிச்சா, ஒரு எழுத்து மாத்தாம. குடை விரிஞ்ச இடத்துல திரும்பவும் அத்தனை கையும் நின்னுச்சு. மைமூன் பீவி போனை எடுத்துப் புளியங்குடிக்குப் போட்டு, பேசாம அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க, மகளும் கேக்கட்டும்னு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துட்டு. இது நான் அறையில அழுகிற அழுகை இல்லை அண்ணாச்சி, இது வேற. சந்தோசத்துல அழுதேன், சொல்ல எனக்கு வெக்கம் இல்லை.

எழுதினது முடிஞ்ச இடத்துல பிரமாச்சி முடிக்கலை. அவளாவது முடிக்கிறதாவது. மிக்கேல் குடுத்த குடையில நட்டநடுவுல ஒரு ஓட்டை இருந்துச்சாம். ஊரு குடையெல்லாம் தைக்கிறவனுக்குத் தன் குடையைத் தைக்க நேரம் ஏதும்மான்னு போறபோக்குல சொல்லிட்டுப் போனாராம். நீலவேணி அந்த ஓட்டைக்கு நேராக் கையைக் காட்டி, அங்க நில்லுங்கன்னு ரகுராமனை நிப்பாட்டினாளாம். உள்ளயும் விட்டாச்சு, நனையவும் விட்டாச்சு. கொட்டகையில எழுந்த சிரிப்பு விலக்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த ஓட்டை என் மனசுலயும் இருந்ததுதான். எழுத இடம் பத்தலை. பத்திரிகையில எனக்கு ஒரு அளவு குடுத்திருக்காங்கல்லா.

மைமூன் பீவி மக இப்ப புருசனோட தனிக்குடித்தனம் வந்துட்டா. கதையாலதான் வந்தான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவ மாமியார்கிட்ட வாரேன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். அதையும் உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை.

இப்ப உங்க கையில இருக்கே, இந்தத் தொடர் ஆரம்பிச்சு கொஞ்ச வாரம் ஆச்சு. பத்திரிகை வர்ற அன்னைக்கெல்லாம் நான் மேலக்குறிச்சிக்குக் கிளம்பிருவேன். தங்கச்சியைப் பாக்கத்தான். கூடப் பிறந்தவ அவ ஒருத்திதான, பாக்க வேண்டாமா? வருசத்துக்கு ஒருதடவை பாத்தவருக்கு இப்ப என்ன திடீர்ப் பாசம்னு மரகதம் கேக்கா. போன வாரம் அவளும் கூட வந்தா. அடுப்படியில ரெண்டு முக்காலி போட்டிருந்தோம். பிரமாச்சிக்கு வாசிப்புல சில நெளிவு சுளிவெல்லாம் நான்தான் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்கேன். அவ கேக்க மாட்டா, அது வேற விசயம்.

இப்ப எழுதும்போது ஒண்ணு செய்யுதேன். யாரையாவது ஒருத்தரைத் தெருவுல சும்மா நடக்க விட்டுருதேன். ஒரே வரி. எங்க போறாங்க, எதுக்குப் போறாங்க, ஒண்ணும் எழுதுறதில்லை. அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுருவேன். அன்னையிலேருந்து பத்திரிகை வர்ற வரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது. இத்தனை வருசமா என் கதையில அடுத்து என்னன்னு எனக்குத் தெரிஞ்சுதான் எழுதினேன். தெரியாம இருக்கிறதுல இப்படி ஒரு சுகம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை.

ஆலங்குளம் தாண்டியாச்சா? அப்ப நான் எந்திரிக்கணும். ஃபேனைப் பிடிச்சுக்கிடுங்க, பத்திரம்.

என்ன அண்ணாச்சி, வாசிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? நான் இவ்வளவு நேரம் பேசினதைவிட அதுல என்ன இருக்கப் போகுது? வாசிங்க, வாசிங்க. ஆங், அவனேதான், இட்லிக்கடை முன்னால சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறானே. ஏன் ஏறி மிதிக்காம தள்ளிக்கிட்டே போறான்னு கேக்கீங்களா?

அது எனக்கு எப்படித் தெரியும்? பிரமாச்சி இன்னும் வாசிக்கலையே.